டர்போ போகவில்லை, ஆக்சுவேட்டர்தான் போனது



"வண்டி எங்க சார், வித்துட்டீங்களா?" என்று மூன்று வாரமாகப் பலர் கேட்டுவிட்டீர்கள். விற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிட்டால் டீசல் கார் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். நெட்டப்பாக்கத்திலிருந்து புதுச்சேரி போய்த் திரும்ப வேண்டும். முடிந்து வரும்போது அவரால் பஸ் ஏற முடியாது. பதினோரு வயதான என் கார்தான் அவருக்குக் கால். அந்தக் கார் அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறும்போது திடீரென்று இழுவை இழந்தது. எவ்வளவு மிதித்தாலும் சத்தம் வந்ததே தவிர வேகம் வரவில்லை. எஞ்சின் விளக்கும் எரிந்தது. பின்னால் லாரி, பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் மாப்பிள்ளை. எப்படியோ வீடு வந்து சேர்ந்தோம்.

ஒரு ஒர்க்ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். 'பி 0299' என்று வந்தது. "டர்போ போச்சு, முழு செட்டும் மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகை என் இரண்டு மாத பென்ஷன். வண்டியை அங்கே விடாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு, மடுகரை பக்கம் சொந்தமாக ஷெட் வைத்திருக்கும் நம் பழைய மாணவரிடம் போனேன். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

டர்போ என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று அதிகமானால் கூடுதல் டீசலை எரித்துக் கூடுதல் சக்தி பெறலாம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூச்சி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. என் வண்டியில் இருப்பது புகை வரும் வழியைச் சின்ன இதழ்களால் குறுக்கியும் அகட்டியும் தரும் வகை. ஹோஸ் பைப் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அதே கதைதான். இதழ்களை அசைக்கும் சின்ன டப்பாவுக்குப் பெயர் ஆக்சுவேட்டர். உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம். ஒரு பக்கம் காற்றை உறிஞ்சினால் மறுபக்கத்துக் காற்றழுத்தம் அதைத் தள்ளும், கம்பி நகரும்.

மாணவர் சொன்னது இதுதான்: "சார், இந்த கோடு காத்தழுத்தம் பத்தலன்னுதான் சொல்லுது. ஏன் பத்தலன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்."

முதலில் காற்றுக் குழாய்களைத் தடவிப் பார்த்தார். கிழிசல் இல்லை. என்னை எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு டார்ச் அடித்து ஆக்சுவேட்டர் கம்பியைக் கவனித்தார். ஸ்டார்ட் ஆனதும் அது இழுபட வேண்டும். அசையவே இல்லை. டப்பாவுக்கு வரும் மெல்லிய குழாயைக் கழற்றி வாக்குவம் கேஜில் மாட்டினார். முள் ஏறியது. ஆக, பம்ப்பும் அதைக் கட்டுப்படுத்தும் வால்வும் நல்லபடியாக இருக்கின்றன. அடுத்து ஒரு கை பம்ப்பை டப்பாவிலேயே மாட்டி உறிஞ்சினார். முள் ஏறி, நிற்காமல் உடனே விழுந்தது. டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது!

அதோடு விடவில்லை. கம்பியின் கிளிப்பை எடுத்துவிட்டு லீவரைக் கையால் அசைத்தார். கடைசிவரை தடையில்லாமல் போய் வந்தது, அதாவது இதழ்களில் கரி பிடித்து இறுகவில்லை. காற்று வரும் பக்கக் குழாயைக் கழற்றி டர்போ தண்டை ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. டர்போ நல்ல டர்போ.

ஆக்சுவேட்டர் மட்டும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து வரவழைத்தோம். வர நான்கு நாள், மாட்ட ஒரு மணி நேரம். பழைய கம்பியின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, புதியதையும் அதே அளவுக்கு வைத்து, கை பம்ப்பால் இழுத்துச் சரிபார்த்த பிறகே நட்டை இறுக்கினார். இந்த அளவு தவறினால் புதுச் சாமானும் ஒழுங்காக வேலை செய்யாதாம்.

எல்லாம் சேர்த்து, முன்பு கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அவர் மாட்டியதற்கு மட்டும் கூலி எழுதியிருந்தார். "கண்டுபிடிச்சதுக்கு?" என்றேன். "அதுக்கெல்லாம் யாரும் தர மாட்டாங்க சார்" என்றார்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் அவர் செய்தது, ஒவ்வொரு சந்தேகத்தையும் தனியாகப் பிரித்து, சோதித்து, விலக்கியது. நம் ஆய்வகத்தில் மதிப்பெண் போட்டது இதற்குத்தான். டாக்டருக்குப் பீஸ் தருகிறோம், மருந்துக்குத் தனியாகத் தருகிறோம். மெக்கானிக்குக்குச் சாமான் விலை மட்டும்தான் கண்ணில் படுகிறது. கண்டுபிடிக்கக் கூலி இல்லாத தொழிலில், "முழுசா மாத்திடுங்க" என்பதுதான் லாபமான பதிலாகிவிடும். நான் தனியாகக் கொடுத்தேன். ரொம்ப மறுத்துவிட்டுத்தான் வாங்கினார்.

டர்போ மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், கம்பி அசைகிறதா, டப்பா வாக்குவத்தைத் தாங்குகிறதா என்று முதலில் கேளுங்கள். பார்த்துச் சொல்பவருக்கு அதற்கான கூலியையும் கொடுங்கள். ஒர்க்ஷாப் நடத்தும் மாணவர்கள் பில்லில் 'சோதனைக் கட்டணம்' என்று ஒரு வரி தைரியமாகப் போடுங்கள். யாராவது தகராறு செய்தால் சார் சொன்னார் என்று சொல்லுங்கள்.