பொட்டிக்குப் பேர் வைப்போம்

பையன் எஸ்.பி. ரோட்டுல வாங்கின பழைய பொட்டி உபுண்டுவோடயே வந்துச்சு. முன்னாடி வச்சிருந்தவங்க கொடுத்த பேரும் கூடவே வந்துச்சு. ரூம் நம்பர் மாதிரி ஏதோ ஒண்ணு. அதை 'காவேரி'ன்னு மாத்தினான். (பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு நாம இந்தப் பேர் வைக்கலாமான்னு தங்கமணி கேட்டாங்க. குழாய்ல வர்றதே அதுதானேன்னான் :-))

அதுக்கப்புறம் சூடோ போட்டு எந்தக் கட்டளை குடுத்தாலும், 'காவேரியா? அப்படி யாரையும் தெரியாதே'ங்கற மாதிரி ஒரு வரி. வேலை நடக்கும், ஆனா கொஞ்சம் இழுத்து.

விஷயம் இதுதான். எட்ஸி அடைவுல 'ஹோஸ்ட்நேம்'னு ஒரு கோப்பு. அதுல பொட்டியோட பேர். பக்கத்துலயே 'ஹோஸ்ட்ஸ்'னு இன்னொண்ணு. எந்தப் பேருக்கு எந்த எண்ணுன்னு சொல்றது. ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளை முதல் கோப்பை மட்டும்தான் மாத்தும். ரெண்டாவதுல 127.0.1.1 வரியில பழைய பேரே உக்காந்திருக்கும். நாமதான் போய்த் திருத்தணும். வெறும் ஹோஸ்ட்நேம் கட்டளையில மாத்தினா இன்னும் மோசம், ரீபூட் பண்ணினதும் பழைய பேர் திரும்பி வந்துடும். பேர்ல ஆங்கில எழுத்து, எண், நடுவுல சின்னக் கோடு, அவ்வளவுதான். அடிக்கோடு ஆகாது. தமிழும் ஆகாது!

வரியைத் திருத்தினோம், முடிஞ்சது. அஞ்சு நிமிஷம்.

மனுஷங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல முடியறதில்லைங்க. கிருஷ்ணகிரி பக்கத்து அம்மா ஒருத்தங்க, வீட்டுக்காரர் போட்டு வச்ச டெபாசிட்டுக்காக வந்தாங்க. நாமினி இவங்கதான். ஆனா ரசீதுல அப்பா இனிஷியல், ஆதார்ல புருஷன் இனிஷியல். நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடி, இங்க பின்னாடி. பாஸ்போர்ட்டுல அதே இனிஷியல் முழுப்பேரா விரிஞ்சு சர்நேம் ஆகிடும். ஒரே ஆளுன்னு எனக்குத் தெரியுது, சிஸ்டத்துக்குத் தெரியணுமே? அபிடவிட், நோட்டரி, ரெண்டு தடவை ஊருக்குப் பஸ். மூணு வாரம் ஆச்சு. அது வரைக்கும் அவங்க பணம் அவங்களுக்கு இல்லை.

ஊருக்கே 1-11-2014ல பெங்களூருன்னு பேர் மாத்தினாங்க. ஏர்போர்ட் குறியீடு இன்னும் பி.எல்.ஆர். தான். ஊருக்கு யாரும் அபிடவிட் கேக்கறதில்லை!

எங்க சின்னவ பத்தாங்கிளாஸ். மார்க் ஷீட்டுல வரப்போற பேரைச் சரிபாக்கச் சொல்லி போன வாரம் ஸ்கூல்ல பேப்பர் குடுத்தாங்க. பர்த் சர்டிபிகேட், ஆதார், பாஸ்போர்ட் மூணையும் பரப்பி வச்சு எழுத்தெழுத்தா ஒத்துப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.