கதவிடுக்கில் நாலு மில்லிமீட்டர்

ஸ்விண்டன், 2019

மார்ச் 2, சனி

என் காருக்குப் புது உடற்கூடு வந்து இறங்கியது. 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் காருக்கானது, பக்கத்து மாவட்டத்து விட்னியில் செய்தது. எம்ஜிபி உற்பத்தி 1980-இல் நின்றுபோனது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனத்தார் தகடு அடிக்கும் பழைய அச்சுகளைத் தேடித் திரட்டி, 1988-இல் மறுபடியும் கூடு அடிக்கத் தொடங்கினார்கள். 1992-இல் எம்ஜி ஆர்வி8 வந்ததே இந்தக் கூட்டை நம்பித்தான். இதை நகல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே கல்லில் ஊற்றிய தோசை.

இறக்கும்போது கை நழுவியது என்னுடையதுதான். இடது முன் மட்கார்டு கராஜ் நிலையில் இடித்து, விளிம்பு மடங்கிவிட்டது. ரசீது மட்டும் பத்திரம். பழைய பதிவெண் கைவிட்டுப் போகாமல் இருக்க, அதே வகைப் புதுக் கூடு என்பதற்கு அதுதான் சாட்சி. கூடவே பழைய காரின் பெரிய பாகங்கள் குறைந்தது இரண்டு வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன.

மார்ச் 3, ஞாயிறு

நாள் முழுக்க மரை சுத்தம் செய்தேன். கூட்டின் உட்புறத்தில் சின்னக் கூண்டுகளுக்குள் நட்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பிரைமர் புகுந்து காய்ந்திருக்கிறது. அப்படியே போல்ட்டைத் திருகினால் கூண்டு பிய்ந்து, நட்டு உள்ளேயே சுற்றும். பிறகு தகட்டை வெட்ட வேண்டியதுதான். ஒவ்வொன்றிலும் எண்ணெய் விட்டு, மரை வெட்டும் டேப்பை ஓட்டினேன். முதுகு விட்டுப்போச்சு.

மார்ச் 9, சனி

கூட்டை நடுவில் இரண்டு ஸ்டாண்டு மேல் ஏற்றி, கதவுகளை மாட்டினேன். தகடுகளில் கதவு மட்டும் என் பழைய காருடையது. துருவுக்குத் தப்பியவை அவை இரண்டுதான். கீலுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடு வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, சுற்றிலும் நாலு மில்லிமீட்டர் இடைவெளிக்குக் கொண்டுவந்தேன். 4 மி.மீ. டிரில் பிட்தான் அளவுகோல். எங்கே விட்டாலும் இதமாக வழுக்கியது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். இந்த ஊர் ஸ்ட்ராட்டன் பிரஸ் ஆலையில் வேலை பார்த்தவர். எம்ஜிபி கூடுகளை அங்கே சேர்த்து, கௌலியில் வர்ணம் பூசி, ஆபிங்டனில் காராக்கினார்கள். இன்று அதே ஆலையில் பிஎம்டபிள்யூவின் மினி காருக்குத் தகடு அடிக்கிறார்கள். என் இடைவெளியை அவர் மெச்சுவார் என்று காத்திருந்தேன். வண்டி நிற்கிறதா, தொங்குகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

மடங்கின மட்கார்டுக்குப் பதிலாக வேறோர் இடத்தில் மலிவாக வாங்கியது வந்தது. பார்வைக்குக் குறையில்லை. மாட்டினால் கதவுப் பக்கம் 6 மி.மீ. குட்டை. பக்கவாட்டில் குரோம் பட்டை ஓடும் கோடு கதவுக்கு வந்ததும் ஒரு படி இறங்குகிறது. இதைத்தான் நகல் என்பேன். திருப்பி அனுப்பியாயிற்று.

மார்ச் 23, சனி

சஸ்பென்ஷன். இந்த வேலைக்காகவே இவ்வளவும் இழுத்துப்போட்டுக்கொண்டேனோ என்று தோன்றியது, அவ்வளவு பிடித்திருந்தது. முன்பக்கம் முழுவதும் ஒரே குறுக்குச் சட்டத்தில் அடங்கிவிடுகிறது. ரப்பர் அட்டைகளை இடையில் வைத்து நாலு நீளப் போல்ட்டுகளில் அது கூட்டோடு சேருகிறது. டேம்பரின் கைதான் மேல் விஷ்போனும். ஒரே இரும்புக்கு இரண்டு உத்தியோகம். காயில் ஸ்பிரிங்கைக் காரிலேயே ஏற்றப் பார்த்தேன். எஞ்சின் இல்லாத கூட்டுக்கு எடை ஏது? ஜாக்கியைத் தூக்கத் தூக்க ஸ்பிரிங் அமுங்கவில்லை, கூடுதான் எழும்பியது. சட்டத்தைக் கழற்றித் தரையில் வைத்து, நீள மரைக் கம்பிகளால் ஸ்பிரிங்கை அமுக்கி முடித்தேன்.

பின்னால் பட்டை ஸ்பிரிங். யூ போல்ட் மாட்டினேன். ரப்பர் புஷ் உள்ள நட்டு எதையும் முறுக்கவில்லை, கையால் திருகி விட்டதோடு சரி. தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டி தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிடக்கும். சீக்கிரம் கிழியும், உயரமும் பொய்யாகக் காட்டும்.

மார்ச் 24, ஞாயிறு

எஞ்சின் ஏற்றி, நாலு சக்கரத்தில் நிறுத்தினேன். கதவைச் சாத்தினேன். பின் மேல்மூலையில் டிரில் பிட் நுழையவில்லை. 2 மி.மீ.தான் இருக்கும். கீழே ஐந்தரை.

பெரியவர் கேட்டது இப்போது உறைத்தது. எம்ஜிஏவுக்குத் தனிச் சேஸிஸ் இருந்தது. எம்ஜிபிக்குக் கூடுதான் சேஸிஸ். ரோட்ஸ்டருக்குக் கூரையும் கிடையாது. பாரத்தைச் சுமப்பவை கதவுக்கடியில் ஓடும் ‘சில்’ என்ற பெட்டிகளும் நடுச் சுரங்கமும்தான். நடுவில் தாங்கினால் மூக்கும் வாலும் தொங்கி, கதவின் மேல் இடைவெளி விரியும். சக்கரத்தில் நின்றால் அது நெருங்கும். புஷ் நட்டு விஷயத்தில் பொறுமையாக இருந்தவன், கதவு விஷயத்தில் அவசரப்பட்டேன்.

மார்ச் 30, சனி

வண்டி சக்கரத்திலேயே நிற்க, கதவு ஷிம்களை முதலிலிருந்து வைத்தேன். பெரியவர் சுத்தியலும் அடைகல்லும் கொண்டுவந்தார். மடங்கின மட்கார்டைத் தட்டித் தட்டி எடுக்க நாற்பது நிமிஷம். அந்தக் காலத்தில் ஆலையிலும் கட்டையை இடுக்கி முழங்காலால் தள்ளித்தான் கதவை நேராக்குவார்களாம். கதவுக்குத் தக்கபடி மட்கார்டு, மட்கார்டுக்குத் தக்கபடி பானெட் என்றார். அந்த வரிசையில் போனோம். பானெட் கடைசியில் தானாக உட்கார்ந்தது.

பிறகு வண்டியை நாலைந்து தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, புஷ் நட்டுகளை முறுக்கினேன். புது ஸ்பிரிங் என்பதால் பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது. ஓட ஓட இறங்கும்.

ஏப்ரல் 6, சனி

கீல்களின் வழியே தூணில் 3 மி.மீ. துளை போட்டு, ஆணி விட்டுப் பார்த்தேன். கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் உட்காரும். இனி எல்லாவற்றையும் கழற்றி வர்ணத்துக்கு அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை ஏற்றிப்போக வண்டி வருகிறது. கடைசி அளவு: வலது கதவு சுற்றிலும் 4. இடது கதவு மேலே நாலரை. விட்டுவிட்டேன்.