அம்பாஸிடர் தரிசனம்

பெரம்பலூர்க்காரர்களிடம் பழமையைப் பற்றி யாரும் பெருமை பேசக் கூடாது. எங்கள் ஜில்லாவில் சாத்தனூர் என்னும் கிராமத்தில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. அதன் வயது சுமார் 12 கோடி வருஷம் என்கிறார்கள் பூகர்ப்ப சாஸ்திரிகள். அடுத்த ஜில்லாவாகிய அரியலூரிலோ, மண்ணைத் தோண்டினால் கல்லாகிப்போன கடற்சிப்பி கிளம்பும். அந்தப் பிரதேசம் ஒரு காலத்தில் சமுத்திரமாக இருந்ததல்லவா?

ஆகையால், சென்னையில் பழைய மோட்டார் வண்டிகளின் காட்சி நடக்கிறதென்றும், அறுபது எழுபது வயதான வண்டிகளெல்லாம் வருமென்றும் நான் சொன்னபோது, என் தகப்பனார் சிரித்துவிட்டார்.

"அதெல்லாம் ஒரு வயதா? எனக்கே 76 ஆகிறது. என்னையும் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தேன்!" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதில் பொருத்தம் உண்டு. எங்கள் ஊரில் எத்தனையோ சௌகரியங்கள் இருந்தும் ரெயில் மட்டும் கிடையாது. ரெயில் ஏற வேண்டுமானால் அரியலூருக்குத்தான் போக வேண்டும். அந்தச் சாலையில் ஒரு 1964-ஆம் வருஷத்து அம்பாஸிடரை வைத்துக்கொண்டு, என் தகப்பனார் இருபது வருஷத்துக்கு மேல் வாடகைக்கு ஓட்டினார். கல்யாணப் பெண்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள், பட்டாளத்துக்குத் திரும்புகிற பிள்ளைகள், எல்லோரும் அதில் ஏறியவர்களே. ஐந்து பேருக்கென்று செய்த வண்டியில் ஒன்பது பேர் ஏறுவதும், பத்தாவது ஆளாக நான் கியர்க் கம்பிக்கு இடைஞ்சலாக உட்காருவதும் சர்வசாதாரணம்.

அரியலூருக்குப் பஸ்ஸில் போய் இரவு ரெயிலைப் பிடித்தோம். வழி நெடுகச் சிமெண்டு லாரிகள். "இங்கேதான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவேன், அந்தப் புளியமரத்தடியில்தான் டயர் மாற்றுவேன்" என்று அப்பா ஜன்னல் வழியாகக் காட்டிக்கொண்டே வந்தார். அவர் காட்டிய இடத்தில் புளியமரத்தைக் காணோம்.

மதராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் என்னும் சங்கத்தார் நடத்தும் காட்சி அது. மைதானத்தில் நுழைந்ததும், கண்ணாடி போல் மின்னும் சீமை வண்டிகள் எங்களை வரவேற்றன. ராஜாக்களும் துரைமார்களும் ஏறியவை போன்ற தோரணை அவற்றுக்கு. ஆனால் நேயர்களே, மோட்டார் விஷயத்தில் தமிழ்நாடு வெறும் வேடிக்கை பார்த்த நாடு அல்ல. சென்னை சிம்ஸன் கம்பெனியார் 1903-லேயே நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார்கள். எங்கள் கொள்ளிடத்துக்கு அக்கரையில், 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் விட்டவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரிவாயுவால் வண்டி ஓட்டும் யந்திரத்தையும் அவர் செய்து விற்றார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 1961 முதல் சென்னையில்தான் உற்பத்தியாயிற்று. 1942-ல் ஸ்தாபிதமான ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் அம்பாஸிடரைச் செய்து வந்து 2014-ல் நிறுத்திவிட்டது.

அப்பா சீமை வண்டிகளை மரியாதைக்குப் பார்த்துவிட்டு நடந்தார். வெள்ளை அம்பாஸிடர் ஒன்றின் முன்னால் போய் நின்றவர், பிறகு நகரவில்லை. இடுப்பில் கைவைத்து, குழந்தைக்கு ஜுரமா என்று பார்ப்பவர் போல் அதைப் பார்த்தார்.

வண்டிக்குச் சொந்தக்காரர் நல்ல மனிதர். "ஐயா ஓட்டியிருக்கிறீர்களோ? உட்காருங்கள்" என்று கதவைத் திறந்துவிட்டார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். இடது கை, யாரும் சொல்லாமலே, ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த கியர்க் கம்பியைப் பிடித்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாயிற்று, கை மறக்கவில்லை.

"நம் வண்டியும் இப்படித்தானே அப்பா இருந்தது? என்ஜின் பழுதாகாமல் இருந்தால் நாமும் வைத்திருக்கலாம்" என்றேன். 1999-ல், என்ஜின் போய்விட்டதென்று சொல்லி, அதைப் பழைய இரும்புக்காரரிடம் அவர் விற்றது எனக்கு ஞாபகம்.

"என்ஜினுக்கு ஒரு கேடும் இல்லை, தம்பி" என்றார் அப்பா, முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "அந்த வாரத்துக்குள் உன் காலேஜ் பணம் கட்ட வேண்டியிருந்தது. ரொக்கமாக இரும்புக்காரன்தான் கொடுத்தான். நல்ல வண்டியை விற்றேன் என்றால் நீ படிக்கப் போயிருப்பாயா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கேட்டது வாஸ்தவம். நான் போயிருக்க மாட்டேன்.

திரும்பும் ரெயிலில் அப்பா நிம்மதியாகத் தூங்கினார். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சாத்தனூர் மரம் கல்லாகி நிற்கிறது. சமுத்திரத்துச் சிப்பி சுண்ணாம்புக் கல்லாகிச் சிமெண்டாகப் போகிறது. அப்பாவின் அம்பாஸிடரும் வீணாகிவிடவில்லை. என் பெயருக்குப் பின்னால் நான் எழுதிக்கொள்ளும் இரண்டு பட்டங்களாக அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அரியலூரில் இறங்கியதும் வாடகைக் கார் ஒன்றை அமர்த்தினேன். அப்பா முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டு, பெரம்பலூர் வரையில் அந்த டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார்.