கோடியக்கரையின் வலைக்காரர்கள்

வலையில் விழுந்த பறவையை எடுக்கப் போகிறவர், அது எந்தப் பக்கமிருந்து பறந்து வந்து விழுந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வந்த வழியாகத்தான் அதை வெளியே எடுக்க முடியும். அவசரத்தில் மறுபக்கமிருந்து இழுத்தால் இழை இன்னும் இறுகும், சிறகு மூட்டு பிசகும். கோடியக்கரைச் சதுப்பில் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு, நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எழுபதை நெருங்கும் ஒரு வலைக்காரர். ஆராய்ச்சியாளர்களுக்குப் பறவை பிடித்துக்கொடுப்பதே இளவயதிலிருந்து அவருடைய வேலை. பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

"மொதல்ல காலு தம்பி. காலு வெளிய வந்துட்டா பாதி வேல முடிஞ்சுது. அப்புறம் வவுறு, அப்புறம் றெக்க. தலய கடைசியாத்தான் எடுக்கணும்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு கொசு உள்ளான் அவர் கைக்கு வந்துவிட்டது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே அதன் கழுத்து தளர்வாக நின்றது. முதுகு உள்ளங்கையில் படிந்திருந்தது. பறவை திமிறவில்லை. அதை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, வாயைச் சுருக்கிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த பறவைக்கு நகர்ந்தார்.

வங்கக் கடலோரமாகத் தெற்கே இறங்கி வரும் சோழ மண்டலக் கரை, சட்டென்று மேற்கே திரும்பிப் பாக் நீரிணையைப் பார்க்கும் முனைதான் கோடியக்கரை. முனைக்கு மேற்கே வேதாரண்யம் பெருஞ்சதுப்பு விரிகிறது. 1962-இல் பறவையியலாளர் சலீம் அலி இந்த இடத்தின் அருமையைச் சுட்டிக்காட்டினார். 1967-இல் வெளிமான்களை முன்னிட்டு இது சரணாலயமாயிற்று. 2002-இல் 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வலைக்காரர்களுக்கு இந்த ஆண்டுகளெல்லாம் பெரிதாக நினைவில் இல்லை. எந்த வருடம் எந்தப் பக்கம் தண்ணீர் நின்றது, எந்தப் பக்கம் பறவை இறங்கியது என்று கேட்டால் மட்டும் தடங்கலில்லாமல் சொல்கிறார்கள்.

இந்தத் தொழில் இங்கே வந்து சேர்ந்த கதை விசித்திரமானது. 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகளும் மனிதர்களும் ஒரு புதுக் காய்ச்சலில் இறந்தார்கள். உண்ணி மூலம் பரவும் நோய் அது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் அந்த உண்ணியைச் சுமந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. அதை ஆராயப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவைகளுக்கு வளையமிடத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பறவைகளைக் காயமில்லாமல் பிடித்துக்கொடுக்க யாரால் முடியும்? பீகாரின் மீர்ஷிகார்களால் முடிந்தது. தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்று வாழ்ந்த வேட்டைச் சமூகம் அது. அவர்களில் அலி ஹுசைன் என்பவரின் பெயரைப் பறவை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள்.

பெரியவர் தன் தொழிலைக் கற்றது அப்படி வடக்கேயிருந்து வந்தவர்களிடம்தான். "அவங்க பேச்சு நமக்குப் புரியாது. கையப் பாத்துதான் கத்துக்கிட்டேன்" என்றார். சேற்றில் குச்சிகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றிலும் நைலான் கண்ணி கட்டுவது ஒரு முறை. அந்தக் காலத்தில் குதிரைவால் மயிரில் கண்ணி முடிந்தார்களாம். கண்ணி வைத்துவிட்டு, இரை தேடும் உள்ளான் கூட்டத்துக்குப் பின்னால் ஒருவர் மெல்ல நடந்து போவார். பறவைகள் எழுந்து பறந்துவிடவும் கூடாது, மேய்வதை நிறுத்தவும் கூடாது. ஆளைக் கண்டு ஒதுங்கி ஒதுங்கி அவை கண்ணிப் பக்கம் நடந்து போகும்படி அந்த நடை இருக்க வேண்டும். எந்த இடத்தில் நிற்பது, எப்போது குனிவது, எப்போது வேறு பக்கம் பார்ப்பதுபோல் திரும்புவது என்று பெரியவர் சேற்றில் நடந்தே காட்டினார். இதைப் புத்தகத்தில் எழுதிக் கற்பிக்க முடியாது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

இப்போது பெரும்பாலும் மிஸ்ட் நெட் என்கிற கறுப்பு வலைதான். பன்னிரண்டு மீட்டர் நீளம் இருக்கும். மூங்கில் கழிகளுக்கு நடுவே கிடைமட்டக் கயிறுகளில் அடுக்கடுக்காகத் தொங்கும். ஒவ்வொரு அடுக்கும் கீழ்ப்பக்கம் தொய்ந்து ஒரு பையாக நிற்க வேண்டும். மோதும் பறவை அந்தப் பைக்குள் விழுந்து கிடக்கும். இழுத்துக் கட்டிவிட்டால் பறவை பட்டுத் திரும்பிவிடும். தளர்த்தினால் உருண்டு சிக்கிக்கொள்ளும். நிலா வெளிச்சத்தில் வலை தெரியும் என்பதால் அமாவாசையை ஒட்டிய இரவுகளே தோது. காற்று கூடினாலும் வலை கட்டுவதில்லை, அது படபடத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மழைத் தூறல் விழுந்தால் ஆராய்ச்சியாளர் சொல்லும் முன்பே வலைக்காரர்கள் சுருட்டத் தொடங்குகிறார்கள். நனைந்த பறவை குளிரில் செத்துப்போகும்.

அடி அடுக்கு தண்ணீரைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதில் பெரியவர் மிகக் கண்டிப்பாக இருந்தார். இங்கே கடலின் ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. தண்ணீரை நகர்த்துவது பெரும்பாலும் காற்றுதான். மாலையில் கணுக்கால் அளவு இருந்த இடம் காற்று திரும்பினால் நள்ளிரவில் முழங்காலைத் தொடும். வலையில் தொங்கும் பறவை மூழ்கிவிடும். நண்டும் நரியும் வேறு காத்திருக்கும். அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, விடிய விடிய, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்க்கிறார்கள். இடையில் கரையேறி உட்கார்ந்தால் தேநீர், பீடி, கொஞ்சம் குடும்பக் கதை. அவ்வளவுதான் ஓய்வு.

கரையில் தார்ப்பாய் விரித்த இடத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் இருவர் பைகளை ஒவ்வொன்றாக வாங்கினார்கள். முதலில் வளையம். லேசான அலுமினியத் துண்டு. அதில் ஒரு எண்ணும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்ற ஆங்கில வாசகமும் பொறித்திருக்கும். உள்ளான் வகைகளுக்குக் காலின் மேல்பகுதியில், சேறு படாத இடத்தில் போடுகிறார்கள். குறடால் மூடிய பிறகு விளிம்பு ஒன்றோடொன்று சேர்ந்ததா என்று நகத்தால் தடவிப் பார்க்கிறார்கள். பிறகு சிறகின் நீளம், அலகு, கணுக்கால், எடை. அடுத்தது இறகு உதிர்ப்பு. பெரிய பறத்தல் இறகுகள் பத்து. ஒவ்வொன்றுக்கும் பழையதென்றால் 0, முழுதாக வளர்ந்த புதியதென்றால் 5 என்று மதிப்பெண். ஒரு மாணவி மெல்ல ஊதி மார்பு இறகுகளை விலக்கிப் பார்த்து, தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்புச் சேர்ந்திருக்கிறதா என்று குறித்துக்கொண்டார். ஒரு பறவைக்கு ஓரிரு நிமிடங்கள். அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இவ்வளவும் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வனத்துறையின் அனுமதியோடு நடக்கிறது.

இந்தச் சின்னக் கணக்குகள் என்னென்ன சொல்கின்றன என்பதைக் கேட்டபோது அசந்துபோனேன். கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, சைபீரியத் தூந்திரத்தில் குஞ்சு பொரிப்பவை. வலையில் விழும் வளைமூக்கு உள்ளான்களில் இளம்பறவை எத்தனை, முதிர்ந்தவை எத்தனை என்று பார்த்தாலே அந்த ஆண்டு தூந்திரத்தில் என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். அங்கே லெம்மிங் என்ற எலியினம் சில ஆண்டுகளில் பெருகும், சில ஆண்டுகளில் அருகிவிடும். எலி பெருகினால் ஆர்க்டிக் நரிகளுக்கு அதுவே போதும், உள்ளான் குஞ்சுகள் பிழைக்கும். எலி குறைந்தால் நரி குஞ்சுகளைத் தேடும், அந்த ஆண்டு தெற்கே வரும் இளம்பறவைகள் குறையும். உலகின் பல வலசைத் தளங்களில் வளையமிட்டுக் கண்டறிந்த உண்மை இது. ஓர் எலியின் பெருக்கம் எங்கோ தெற்கே ஒரு சதுப்பில் வலைக்காரர் கையில் வந்து தெரிகிறது.

இன்னொன்றும் வளையத்தால் தெரிந்தது. ஒரு குளிர்காலத்தில் இங்கே வளையமிட்ட பறவை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இதே சதுப்புக்குத் திரும்பி வந்து சிக்கியிருக்கிறது. இருபது முப்பது கிராம் எடையுள்ள உயிர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்த் திரும்பி, தான் மேய்ந்த சேற்றுக்கே வருகிறது. அந்தச் சேறு அங்கே இல்லையென்றால் அது எங்கே போகும்?

சேறு மாறிக்கொண்டேதான் இருக்கிறது. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரியின் கடைமடைக்கு வரும் நன்னீரின் அளவும் காலமும் மாறின. சதுப்பின் பெரும் பரப்பு உப்பளமாயிற்று. வேதாரண்யத்தில் உப்பு புதிதில்லை, 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய மண் அது. ஆனால் அன்றைய பாத்திகள் வேறு, பின்னாளில் கடல்நீரை எந்திரத்தால் இறைத்துத் தேக்கும் பெரிய உப்பளங்கள் வேறு. கடல்நீரின் உப்பளவில் இருக்கும் சேற்றில் புழுக்களும் சிறு சிப்பிகளும் உண்டு, உள்ளானுக்கு அதுதான் சாப்பாடு. உப்பு மிக ஏறினால் அவை அழிந்து, அந்த உப்பைத் தாங்கும் ஓரிரு உயிர்கள் மட்டும் மிஞ்சும். அதிலும் பறவைகள் இரை தேடும், ஆனால் எல்லாப் பறவைகளும் அல்ல. முகத்துவாரங்கள் மணல் மூடித் தூர்ந்தால் உள்ளே உப்பு இன்னும் ஏறும். புல்வெளிப் பக்கம் சீமைக்கருவேல் ஏறி வெளிமான் மேயும் இடத்தைச் சுருக்குகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் சரணாலயத்துப் பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. இலங்கைக்குக் கடல் தாண்டும் முன் ஆறுமணிக்குருவிகள் இளைப்பாறும் காடு அது.

பெரியவர் இதை வேறு விதமாகச் சொன்னார். "முன்னயெல்லாம் ஒரு வலையிலயே பை பத்தாது. எடுத்து எடுத்து வெரல் மரத்துப்போகும். இப்ப ராத்திரி பூரா நாலு வலைக்கு இவ்ளோதான்." கையில் இருந்த பைகளைத் தூக்கிக் காட்டினார். 1980-களில் இங்கே நடந்த தொடர் வளையமிடல் இருந்ததால்தான், இன்று உள்ளான்கள் குறைந்துவிட்டன என்பதை வெறும் பழைய நினைவு என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கணக்கு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் போன்றவர்கள் இந்தக் கரையில் பல்லாண்டுகள் தங்கிச் சேர்த்தது. அந்த எண்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் வலையிலிருந்து முதலில் காலை விடுவித்த ஒரு கை இருக்கிறது.

அந்தக் கைகளைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. வலைக்காரருக்கு வேலை பருவத்துக்கு மட்டும். திட்டம் இருக்கும் ஆண்டில் கூலி உண்டு, இல்லாத ஆண்டில் உப்பளமோ மீன்பிடியோதான். சேற்றில் இரவெல்லாம் நின்று கால் வெடித்துக் கிடக்கும் அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. ஆய்வுக் கட்டுரையில் நன்றி சொல்லும் பத்தியில் பெயர் வந்தால் பெரிது. பெரியவரின் மகன் வெளிநாட்டில் வேலை செய்கிறார். "அவன் வந்தா வலையக் கூடப் பிடிக்க மாட்டான் தம்பி. நா அவனக் கொற சொல்ல மாட்டேன்" என்றார்.

செயற்கைக்கோள் கருவிகள் வந்துவிட்டனவே, இனி வலைக்காரர் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பறவையின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கருவி இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. கொசு உள்ளானுக்கு அது ஒரு கிராமுக்கும் குறைவு. பெரிய பறவைக்குக் கருவி பொருத்துவதானாலும் முதலில் அதைக் காயமின்றிப் பிடித்தாக வேண்டும். கருவி எவ்வளவு முன்னேறினாலும் அந்த முதல் படி மனிதர் கையில்தான் இருக்கிறது. சிறகின் நீளத்தை அளக்கக் கற்ற மாணவர்கள் நம்மிடம் நிறைய உண்டு. உள்ளான் கூட்டத்தைக் கண்ணிப் பக்கம் நடத்திச் செல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலர், அவர்களுக்கும் வயதாகிவிட்டது. இந்த வலைக்காரர்களை ஆசிரியர்களாக நியமித்துச் சம்பளம் கொடுத்து, வனக்காவலர்களுக்கும் மாணவர்களுக்கும் ஓரிரு பருவம் கற்பிக்க வைப்பது ஒரு பல்கலைக்கழகத்துக்கோ அரசுத் துறைக்கோ பெரிய செலவல்ல. அதை இப்போதே செய்ய வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஏரியிலோ, வயலிலோ, கடற்கரையிலோ காலில் வளையமோ வண்ணப் பட்டையோ உள்ள பறவையைப் பார்த்தால், அதன் எண்ணையும் நிறத்தையும், பார்த்த நாளையும் இடத்தையும் குறித்து மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்ற வேண்டாம், தெளிவான படம் போதும். இறந்த பறவையாக இருந்தாலும் எண்ணை அனுப்புங்கள்; அது எங்கே வளையமிடப்பட்டது என்பது அந்த எண்ணிலிருந்துதான் தெரியவரும்.