அரிசி தின்னும் ஆசை

பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைகளை மிரட்டுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் வந்தது கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, நாற்பதை நெருங்கிய பிறகு. அடுப்படியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அரிசி டப்பாவைத் திறப்பேன். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வேன். பல்லில் அது நறநறவென்று உடைவதும், மாவாகிக் கரைவதும் அவ்வளவு பிடிக்கும். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. புது சாக்பீஸ் பெட்டியைப் பிரிக்கும்போது எழும் வாசனைக்கு நாக்கில் எச்சில் ஊறும். உடைந்த துண்டு ஒன்றைப் பிள்ளைகள் பார்க்காதபடி கடித்ததும் உண்டு. கணவரிடமும் சொன்னதில்லை, கூட வேலை பார்க்கும் தோழிகளிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், இதே ரகசியத்தோடு எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதுதான்.

அரிசியோடு சேர்ந்து வந்தது அசதி. தூங்கி எழும்போதே உடம்பு கனக்கும். மத்தியானத்துக்கு மேல் நின்று பாடம் நடத்த முடியாது, மேசையைப் பிடித்துக்கொள்வேன். மாடி வகுப்புக்கு ஏறினால் நெஞ்சு படபடக்கும். தலை சீவினால் சீப்பு நிறைய முடி. இவை எதையும் நோய் என்று நான் எண்ணவில்லை. என் அம்மாவும் இப்படித்தான் இருந்தாள். வேலை முடித்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். கேட்டால், "பொம்பளையாப் பொறந்தா அசதி இருக்கத்தான் செய்யும்" என்பாள். எங்கள் குடும்பத்தில் அசதி ஒரு சுபாவம்போல அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்து சேர்ந்தது.

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் போனது ஒரு காய்ச்சலுக்காக. அங்கிருந்த வயதான பெண் மருத்துவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேக்கறேன் டீச்சர், மறைக்காம சொல்லுங்க. அரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ்கட்டி, இப்படி எதையாவது தின்னணும்போல இருக்கா?" என்றார். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்குக் குறைந்தது 12 கிராம் இருக்க வேண்டும்.

இரும்புச்சத்து குறையும்போது உணவல்லாத பொருள்களின் மேல் இப்படி ஓர் ஆசை எழுவதுண்டு என்றும், மருத்துவத்தில் அதற்கு பைக்கா என்று பெயர் என்றும் அவர் விளக்கினார். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, காய்ச்சலுக்கு உடம்பு சுடுவதுபோல இதுவும் ஓர் அறிகுறி என்றார். இத்தனை காலம் மனசைக் குடைந்துகொண்டிருந்த ஒன்றை அவர் ஒரு நிமிடத்தில் இறக்கி வைத்துவிட்டார்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ஒரு தெருவில் இத்தனை பேர் ஒரே மாதிரி களைத்துக் கிடந்தால், அது பெண்களின் இயல்பு என்றுதான் எவருக்கும் தோன்றும்.

நான் நாட்டு உணவை நம்புகிறவள். பாட்டி கைப்பக்குவத்தில் வளர்ந்தவள். மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டு, "சாப்பாட்டுலயே சரி பண்ணிக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். நம் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம். அதில் பெரும்பகுதி ரத்தத்தில் ஓடுகிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது அழியும்போது அதிலுள்ள இரும்பை உடம்பு வீணாக்காமல் எடுத்துப் புது அணுவுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. அதனால் தினமும் வெளியிலிருந்து உள்ளே போய்ச் சேர வேண்டியது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். ஆனால் ரத்தம் வெளியேறினால் இரும்பும் போகிறது. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம். மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அது அதிகப்போக்கு. எனக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது. ஸ்கேனில் கருப்பையில் சிறு கட்டி இருப்பது தெரிந்தது. ஓட்டையை அடைக்காமல் தொட்டியில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிறையாது என்றார் மருத்துவர். அதற்கான சிகிச்சையை முதலில் தொடங்கினார்.

பிறகு உணவுக்கு வந்தார். அன்றைக்கு அவரிடம் கேட்டதும், அதற்குப் பின் தேடிப் படித்ததும், என் அடுப்படியையே புதிதாகப் பார்க்க வைத்தன.

முதலில் டீ. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு தெம்புக்காகக் கெட்டியான டீ குடிப்பது எங்கள் ஆசிரியர் அறையின் வழக்கம். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சாப்பாட்டோடு டீ சேர்ந்தால் உடம்புக்குள் போகும் இரும்பு பாதிக்கும் மேல் குறைந்துவிடக்கூடும். காபியும் ஓரளவு அப்படியே. டீயை விடச் சொல்லவில்லை அவர். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார்.

அடுத்தது புளிப்பு. வைட்டமின் சி கூட இருந்தால் செடிகளிலிருந்து கிடைக்கும் இரும்பு எளிதாக உடம்பில் சேரும். நெல்லிக்காயில் அது ஏராளம், கொய்யாவிலும் நிறைய. வேகவைத்தால் குறைந்துவிடும் என்பதால் பச்சையாகத் தின்பது நல்லது. முருங்கைக்கீரைப் பொரியல் வைக்கும் நாளில் அடுப்பை அணைத்தபின் எலுமிச்சை பிழிவதும், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்வதும் எங்கள் வீட்டு வழக்கமாயின. பயறை முளைகட்டுவதும், கேழ்வரகை முளைகட்டி அரைப்பதும், கம்பங்கூழைப் புளிக்க வைப்பதும் ருசிக்காக மட்டும் வந்த பக்குவங்கள் என்று எண்ணியிருந்தேன். தானியத்தின் மேல்தோலில் இருந்துகொண்டு இரும்பைத் தடுக்கும் பைட்டேட் என்ற பொருள் ஊறும்போதும் முளைக்கும்போதும் புளிக்கும்போதும் குறைகிறது. காரணம் தெரிந்ததும் பாட்டியின் மேல் மரியாதை கூடியது. பரணில் கிடந்த அவளுடைய இரும்புச் சட்டியை இறக்கித் தேய்த்து எண்ணெய் பூசிப் பழக்கினேன். அதில் புளிக்குழம்பு கொதித்தால் சட்டியின் இரும்பு கொஞ்சம் குழம்பில் இறங்கும். குழம்பு கறுத்துத் தெரியும், அதனால் குற்றமில்லை.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. ஆட்டின் மண்ணீரலைச் சுவரொட்டி என்று வாங்கி, பிள்ளை பெற்றவளுக்குச் சுட்டுக் கொடுப்பார்கள். ரத்தம் ஊறும் என்று ஊர் சொன்னது சரிதான். அதில் இரும்பு மிக அதிகம். கறியிலுள்ள இரும்பு செடியின் இரும்பைவிடச் சுலபமாக உடம்பில் சேரும்.

ரத்தம் ஊறும் என்று பேர் வாங்கிய எல்லாமும் அப்படி அல்ல. மாதுளையும் பீட்ரூட்டும் நல்ல உணவு. ஆனால் அவற்றின் சிவப்பு வேறு நிறமிகளால் வருவது. 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கம்பில் சுமார் 6 மில்லிகிராம், கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் 4 மில்லிகிராமுக்கு மேல். மாதுளை வாங்கக் காசில்லையே என்று ஏங்கும் வீட்டின் கொல்லையில் முருங்கை நிற்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, மாத்திரையையும் போடத்தான் வேண்டும் என்றார் அவர். இந்தியப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு உணவில் இருக்க வேண்டும் என்று ஐசிஎம்ஆர் 2020இல் வகுத்தது. அவ்வளவு வைத்திருப்பதற்குக் காரணமே, நாம் சாப்பிடுவதில் சிறு பங்குதான் உள்ளே சேர்கிறது என்பது. இருப்பைக் கட்டிக்காக்க அந்தச் சாப்பாடு போதும். 8.4இலிருந்து ஏறி, கல்லீரலில் சேமிப்பும் நிரம்ப வேண்டுமென்றால், வெறும் கீரையை நம்பினால் காலம் ஓடிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து அடுத்த இரும்புக்குக் கதவைச் சாத்துகிறது. ஒரு நாள் இடைவெளி விட்டால் கதவு மறுபடி திறக்கிறது. உடம்பின் இந்த இயல்பைத் தெரிந்து மருந்தைப் பிரித்துக் கொடுப்பதும் எனக்கு இயற்கை வைத்தியமாகவே பட்டது. பாலோடு போடக் கூடாது, சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்க்கக் கூடாது, மலம் கறுத்துப் போனால் பயப்படக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

முதலில் மறைந்தது அரிசி ஆசை. ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே, சில வாரங்களுக்குள் அது போய்விட்டது. உலைக்கு அரிசி களையும்போது கை வாய்க்குப் போகவில்லை என்பதை ஒருநாள் தற்செயலாகக் கவனித்தேன். தெம்பு மெதுவாக வந்தது. மாடி வகுப்பில் மூச்சு வாங்காமல் பேசினேன். வீட்டில் எரிந்து விழுவது குறைந்தது. அதை முதலில் சொன்னவள் என் மகள். அளவு 12ஐத் தாண்டிய பிறகும் சேமிப்பு நிரம்புவதற்காகச் சில மாதங்கள் மாத்திரையைத் தொடர்ந்தேன்.

என் வகுப்பில் பல்பம் தின்னும் பெண்பிள்ளைகளை இப்போது நான் திட்டுவதில்லை. தனியே கூப்பிட்டுப் பேசுகிறேன். அம்மாவையும் வரச்சொல்லி இருவரையும் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு அரசு வாரம் ஒன்றாகத் தரும் இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டல் வந்து தூக்கி எறிவார்கள். சத்துணவு முடிந்த பிறகு கொடுத்தால் தங்கும். வெறுங்காலோடு காட்டுக்கும் தோட்டத்துக்கும் போகிற பிள்ளையின் பாதம் வழியாகக் கொக்கிப்புழு ஏறும். அது குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஆகவே செருப்பும் கழிப்பறையும் பூச்சி மாத்திரையும்கூட ரத்தசோகைக்கு மருந்துதான்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அசதி என்றதும் சத்துப்பொடியும் டானிக்கும் தேடிப் போகாதீர்கள். முதலில் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். இரும்பு குறைவா, பி12 குறைவா, தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறா என்று தெரிந்துகொள்ளாமல் இரும்பை அள்ளிப் போடுவது நல்லதல்ல. ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தக்கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். காரணம் தெரிந்த பிறகு கீரையும் நெல்லியும் இரும்புச் சட்டியும் தம் வேலையைச் செய்யும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பெண் கடைசியாகத்தான் சாப்பிடுகிறாள். கீரை தீர்ந்திருக்கும், கறித்துண்டு தீர்ந்திருக்கும், சட்டியில் மிச்சமிருப்பது குழம்பும் சோறும். மாதாமாதம் ரத்தம் இழக்கிறவளின் தட்டில் இரும்பு குறைவாக விழுகிறது. எந்த வைத்தியமும் இதைத் தாண்டி வேலை செய்யாது. எங்கள் வீட்டில் இப்போது நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து பரிமாறிக்கொள்கிறோம். கீரை முதலில் என் மகளுக்கும் எனக்கும் விழுகிறது. காசு செலவில்லாத இந்த மாற்றத்தை எல்லா வீட்டிலும் இன்று இரவுச் சாப்பாட்டிலேயே தொடங்கலாம்.