5,000 யென் நோட்டில் ஓர் இங்கிலீஷ் டீச்சர்

ஜப்பானில் 2024-ல் வந்த புது 5,000 யென் நோட்டில் சிரிக்காமல் பார்க்கும் அந்தப் பெண்மணி ராணி அல்ல. ட்சுடா உமேகோ, இங்கிலீஷ் டீச்சர்.

1871-ல், 6 வயதில் அரசாங்கமே அவரை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியது. 1882-ல் திரும்பியபோது தாய்மொழி மறந்திருந்தது. பெற்ற அம்மாவிடம் பேசவே ஜப்பானிய மொழியைப் புதிதாகக் கற்க வேண்டிய நிலை!

'நல்ல மனைவியாக இரு' என்பதே பெண்களுக்கான பாடமாக இருந்த காலம் அது. உமேகோ 1900-ல், டோக்கியோவில் 10 மாணவிகளோடு பள்ளி தொடங்கினார். ஆங்கில ஆசிரியை ஆனால், பெண் சொந்தக்காலில் நிற்கலாம் என்பது அவர் கணக்கு. இன்று அது பல்கலைக்கழகம்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தப்பட்ட என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தப் பத்துப் பொண்ணுங்களையும் வீட்ல எப்படிடி அனுப்பினாங்க?"