சி.ஆர். கொப்பி

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்திலிருந்த என் அலுவலகத்துக்கு அவர் வந்த மாலை நல்ல மழை. கண்டிச் செய்திகளைத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதி வந்தவர். மானநஷ்டத்துக்குப் பெருந்தொகை கேட்டு, ஒரு சாமியாரின் சட்டத்தரணி அனுப்பிய கோரிக்கைக் கடிதம் கையில் இருந்தது.

“சேர், நான் எழுதினதே எனக்கு எதிரா நிக்குது.”

அந்தச் சாமியாரை ஊரறியச் செய்தவரே இவர்தான். பேட்டிக்குப் போன முதல் நாளே, இவருடைய இறந்துபோன தாயைப் பற்றிச் சாமியார் பேசியிருக்கிறார். அயல்வீட்டில் விசாரித்தால் தெரிந்துவிடும் சங்கதி அது. இவர் அழுதுவிட்டார். பிறகு புகழ்ந்து ஆறு கட்டுரைகள். மனப்பாரம் இறங்கும் என்று சாமியார் ஒரு சி.ஆர். கொப்பியைக் கொடுத்து, செய்த பிழைகளையெல்லாம் எழுதச் சொன்னதும், அதையும் எழுதிக் கொடுத்தார். சாமியாரிடம் தங்கியிருந்த பிள்ளைகள் படும் பாட்டைக் கண்டு ஏழாவது கட்டுரையில் உண்மையை எழுதினார். கோரிக்கைக் கடிதத்தோடு முந்தைய ஆறும் வந்தன. கொப்பியின் ஒரு பக்கப் பிரதியும் வந்தது. அதை நான்காக மடித்தே என்னிடம் தந்தார். நான் பிரிக்கவில்லை.

பிரேமானந்தா என்ற சாமியாரின் வழக்கை அவருக்குச் சொன்னேன். பிரேமானந்தா, எங்கள் பாலத்தைத் தாண்டி ஏ-9 வீதியில் போனால் வரும் மாத்தளையில் பிறந்தவர். 1983 கலவரத்துக்குப் பின் தமிழ்நாடு போய், திருச்சிக்கு அருகே ஆச்சிரமம் அமைத்தார். கையில் விபூதி, வாயில் லிங்கம். உள்ளே இலங்கையிலிருந்து போன அநாதைப் பிள்ளைகள். தப்பி வந்த பெண்கள் வாய் திறந்ததால் 1994இல் கைதானார். 13 பெண்களை வல்லுறவுக்கு உட்படுத்தியதற்கும் ஒரு கொலைக்குமாக, 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை அமர்வு நீதிபதி ஆர். பானுமதி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். ராம் ஜெத்மலானி வாதாடியும் தப்பவில்லை. 2005இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தது.

“மரபணுச் சோதனையும் இருந்தது, தம்பி. ஆனா முதல்ல வாய் திறந்தது பிள்ளையள். நீங்க கண்டதை அந்தப் பிள்ளையளும் சொல்லுவாங்களா?”

நடந்ததைச் சொல்ல இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டதால் மறியல் பயம் இல்லை. முந்தைய ஆறு கட்டுரைகளும் பிழை, தான் ஏமாந்து எழுதியவை என்று பதில் கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று முதலில் தயங்கியவர், பத்திரிகையிலும் அதையே எழுதினார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அன்றுதான். வழக்குத் தொடரச் சட்டம் தரும் இரண்டு வருடக் கெடு முடிந்தது, வழக்கு வரவில்லை.

அப்படியொரு கொப்பியை யாராவது நீட்டினால் எழுதாதீர்கள். எழுதிவிட்டீர்களா, வெட்கப்படாமல் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகள் இருந்தால் முதலில் 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது.